பதினொரு சூளைகளும் ஒரு போலி வால்வும்

அனுப்புநர்:
தி. இளமதி (வயது 34),
க/பெ. திலீபன்,
பூதாமூர், விருத்தாசலம்.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
விருத்தாசலம்.

பொருள்: மணிமுத்தா பொதுச் சூளைச் சங்கத்தின் கேஸ் சூளைகளில் என்னால் நேர்ந்த பிழை – 03.10.2025 அன்று தீ ஏற்றுவதைத் தடுக்கவும், என் மீதே வழக்குப் பதியவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

1. மேற்படி சங்கக் கூடத்தில் பதினொரு கேஸ் சூளைகள் உள்ளன. அகல் விளக்கு, பொம்மை, பீங்கான் ஃப்யூஸ் கேரியர் எல்லாம் அங்கே சுடப்படுகின்றன. ஒவ்வொரு சூளைக்கும் ஒரு கன்ட்ரோல் பெட்டி, அதற்குள் ஒரு சிறு கணினி. சூட்டை ஏற்றி இறக்குவதும், தீ அணைந்தால் கேஸை அடைப்பதும் அதன் பொறுப்பு. அதில் ஓடும், பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதிய மென்பொருள் தொகுப்பைப் பராமரிப்பவள் நான். என் கணவர் திலீபன் நான்காம் சூளை ஆபரேட்டர்.

2. என் வேலையில் முக்கியமானது பில்டு ஸ்கிரிப்ட் என்னும் கோப்பு. தொகுப்புக்குள் எவையெவை போக வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கும். அவற்றைச் சேர்த்து, சோதித்து, எல்லாம் தேறினால் மட்டுமே அது மூட்டை கட்டித் தரும். அந்தச் சோதனைக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் என் மடிக்கணினி அவ்வளவு நேரம் தாங்காது. ஆகவே மின்தடை நாளில் சோதனையை விட்டுவிட்டு, ‘தேறியது’ என்று எழுதிக்கொள்ளும்படி இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வரி சேர்த்தேன். சில்லறைத் திருத்தங்களுக்கு மட்டும் என்று நினைத்துத்தான் சேர்த்தேன். என் நினைப்பு ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது.

3. 15.09.2025 அன்று கேஸை அடைக்கும் கோப்பை வேறொரு ஃபோல்டருக்கு மாற்றினேன். பட்டியலில் அதைத் திருத்த மறந்துவிட்டேன். மறுநாள் மின்தடை. சோதனை நடந்திருந்தால் பிழை பிடிபட்டிருக்கும். அது நடக்காததால், அந்தக் கோப்பு இல்லாமலேயே மூட்டை கட்டப்பட்டது. 17, 18 தேதிகளில் பதினொரு பெட்டிகளிலும் என் கையாலேயே நிறுவினேன்.

4. முக்கியமான கோப்பு இல்லையென்றால் தொகுப்பு ஓடாமல் நின்றிருக்க வேண்டாமா என்று தாங்கள் கேட்கலாம். வீட்டில் சூளை இல்லாமல் வேலை பார்ப்பதற்காக வால்வு போல நடிக்கும் ஒரு கோப்பை, ஒரு போலி வால்வை, நான் எழுதிச் சேர்த்திருக்கிறேன். உண்மையான கோப்பு கிடைக்காவிட்டால் தொகுப்பு அதை எடுத்துக்கொள்ளும். அது எதையும் அடைக்காது. ஆனால் ‘அடைத்தாயிற்று’ என்று திரையில் பச்சை எழுத்தில் காட்டும்.

5. 24.09.2025 மதியம் நான்காம் சூளையில் தீ அணைந்தது. திரையில் பச்சை. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வாடை பிடித்த என் கணவர் கை வால்வைத் திருகி மூடிவிட்டு எனக்குப் போன் செய்தார். “ஸ்கிரீன்ல அடைச்சிட்டேன்னு காட்டுது, ஆனா இங்க மூக்கு எரியுது” என்றார். சென்சார் பழுதாக இருக்கும் என்று அலட்சியமாகச் சொன்னேன். 26ஆம் தேதி மாலைதான் உட்கார்ந்து பார்த்து, கோப்பு விடுபட்டதைக் கண்டுபிடித்தேன். இடைப்பட்ட நாட்களில் பதினொரு சூளைகளும் எரிந்துகொண்டேயிருந்தன. கணினி வந்த பிறகு, இனி எதற்கு என்று ஏழு சூளைகளின் கை வால்வுச் சக்கரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. 27ஆம் தேதி காலை திருத்திய தொகுப்புடன் கூடத்துக்குப் போனேன். அதற்குள் சூளைகளை அணைத்து, ஆயுத பூஜைக்காகப் பெட்டிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிப் பூட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டிய பெட்டியை முதல் தீ ஏற்றும்வரை யாரும் திறப்பதில்லை என்பது எங்கள் கூடத்து வழக்கம். இத்தனை ஆண்டுகள் நானும் அதற்குக் கட்டுப்பட்டவள்தான். சங்கச் செயலாளர் திரு. ராஜமாணிக்கம், “சாமிக்குக் கட்டினத அவுக்கச் சொல்றியாம்மா? கார்த்திகை விளக்கு ஆர்டர் நிக்குது. ஏத்தினப்புறம் வந்து பாத்துக்க” என்றார். ஏற்றிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது என்றேன். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசாதே என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். நேற்று மறுபடியும் போனேன். கேட்டையே திறக்கவில்லை.

7. வரும் வெள்ளிக்கிழமை காலை 9.15 மணி நல்ல நேரத்தில் பதினொரு சூளைகளும் ஒன்றாக ஏற்றப்படும். ஒரு வாரம் ஆறிக்கிடந்த பர்னரில் முதல் தீ லேசில் நிற்காது. ஆண்டுதோறும் இரண்டு மூன்று அணையும், கேஸ் தானாக அடைபடும், திரும்ப ஏற்றுவார்கள். இந்த முறை அணைந்த சூளையில் கேஸ் நிறையும். நாலடி தள்ளி அடுத்த சூளை எரிந்துகொண்டிருக்கும். முதல் தீயைப் பார்க்கத் தொழிலாளர்கள் குழந்தைகளோடு வருவார்கள். போக வேண்டாம் என்று என் கணவரிடம் மன்றாடிப் பார்த்தேன். “நான் போவலன்னா வேற ஒருத்தன நிறுத்துவாங்க, அவனும் ஒரு வூட்டு ஆளுதான்” என்கிறார்.

8. பூட்டை நான் உடைத்தால் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வேறு பூட்டு போட்டுவிடுவார்கள். ஆகவே கவனக்குறைவாக உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக என் மீது வழக்குப் பதியச் செய்து, அந்தப் பதினொரு பெட்டிகளையும் சாட்சிப் பொருளாகக் கைப்பற்றி, கேஸ் வரும் தலைக்குழாயைப் பூட்டி முத்திரையிட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அரசு அவிழ்த்தால் சாமிக்குத்தம் என்று யாரும் மறிக்க முடியாது. நாளையும் மறுநாளும் விடுமுறை என்பதால் இன்று மாலைக்குள் ஆணை வந்தாக வேண்டும். ஆணை என் கைக்கு வரும்வரை தங்கள் அலுவலக வராந்தாவிலேயே இருப்பேன்.

நான் செய்ததற்கு இன்று பெயர் கவனக்குறைவு. வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்குப் பிறகு சட்டத்தில் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரில் என் மீது வழக்கு எழுத வைத்துவிடாதீர்கள் ஐயா.

நாள்: 30.09.2025
இடம்: விருத்தாசலம்

பிழை செய்தவளும் மனுதாரருமான,
(ஒப்பம்) தி. இளமதி