ஏழு தடவை கழுவிய தொட்டி

786
கீழக்கரை
9-2-1955

அன்பு மகன் சுஐபுக்கு உன் உம்மா ஸலாம் கூறி எழுதுவது. கொழும்பில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. எப்போதும் வாப்பா எழுதுகிற கடிதத்தை இந்தத் தடவை நான் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் பெண்சாதி ஹமீதாவுக்கு முழங்கால் மாவுக்கட்டை அவிழ்த்ததும் தினமும் அரைமணி நேரம் வெந்நீரில் உட்கார்ந்து காலை மடக்கிப் பழக வேண்டும், ஒரு மாதம் தவறினால் கால் கட்டையாக நின்றுவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார் அல்லவா, அதற்காக வாப்பா மண்டபத்தில் ஒரு துரை வீட்டு ஏலத்தில் இரும்புக் குளியல் தொட்டி எடுத்தார்கள். உள்ளெல்லாம் துரு. தோணிக்குப் பெயிண்ட் அடிக்கும் வாவு முகம்மது அதைச் சுரண்டித் தேய்த்து வெள்ளை எனாமல் இரண்டு பூச்சு பூசிக் கொடுத்தான். கம்பெனியில் சூளையில் வைத்து எடுத்த மெருகு போல இது இருக்காது, தூரிகைக் கோடு தெரியும், பொறுப்பாக வைத்திருந்தால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும், மூன்று வாரம் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பிறகும் மண்ணும் தேங்காய் நாரும் ஆகாது, சோப்புத் துணியால் துடைத்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னான். எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் தொட்டியைக் கொண்டுவந்த வண்டிக்காரர் போகிற போக்கில், துரை நாயைக் குளிப்பாட்டினது இதில்தான் என்று சொல்லிவிட்டார். பெயிண்ட் பூசினால் நாய் பட்ட நஜீஸ் அசுத்தம் போய்விடுமா, அதில் இறங்கி எழுந்தவள் தொழலாமா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்கவும் வெட்கம். பெயிண்ட் பூசிய ஒன்பதாம் நாள் வாப்பா ராமநாதபுரம் போன நேரம் பார்த்து, மார்க்கத்தில் சொன்னபடி ஏழு தடவை கழுவினேன், அதில் ஒரு தடவை மண் கரைத்து நாரால் தேய்த்தேன். மறுநாள் அடிப்பக்கம் முழுக்கக் கொப்பளித்து உரிந்துவிட்டது.

பெயிண்ட் மட்டம் என்று வாப்பா அவனைத் திட்டினார்கள். அவன் மூலையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நானும் வாய் திறக்கவில்லை. நான் தேய்த்ததை ஹமீதா கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள்: "நாய் பட்டது ஏழு தடவ கழுவுனாப் போயிரும் மாமி. என் காலு மடங்காமப் போச்சுன்னா எத வச்சுக் கழுவுவீக?"

போன வெள்ளிக்கிழமை மாவுக்கட்டை அவிழ்த்தார்கள். மறுபடி சுரண்டிப் பூசிக் காயவிட ஒரு மாதம் ஆகும், அதுவரை கால் காத்திருக்காது. அதனால் பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் விரித்து, அந்தத் தொட்டியிலேயே உட்கார வைக்கிறேன். வெந்நீரில் மிச்சப் பெயிண்டும் கழன்று அவள் காலில் ஒட்டுகிறது, ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறேன். இன்று ஐந்தாம் நாள், ஒரு விரற்கடை மடங்கினதோடு நிற்கிறது. மேலே மடங்குமா என்று டாக்டரிடம் கேட்கவே பயமாக இருக்கிறது. நீ துஆச் செய்.

இதைத் தபாலில் சேர்த்த கையோடு வாப்பாவிடமும் வாவு முகம்மதுவிடமும் உண்மையைச் சொல்லப் போகிறேன். அல்லாஹ் உனக்கு ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக, கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். ஹமீதாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, காலைப் பற்றிக் கேள், தொட்டியைப் பற்றிக் கேட்காதே. அவள் இதுவரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, உன்னிடமும் சொல்லமாட்டாள். அதனால்தான் நான் சொல்கிறேன்.

உன் உம்மா
ரம்ஜான் பீவி