நீ வெட்டிய ஓரம்

இன்று காலை ஜெராக்ஸ் மெஷினுக்கு டிரம் மாற்ற கீரனூரிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் சூடான காகிதமும் மையும் கலந்த அந்த வாசனை கடை முழுக்க எழும்பியது. உனக்கு ஆகவே ஆகாத வாசனை. "எப்படிடி இதுக்குள்ளயே ஒக்காந்திருக்க, மூக்கு அவிஞ்சு போகாதா?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போடுவாய். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கவும் மாட்டாய். மெக்கானிக் அந்த ஸ்டூல் மேல் தன் பையை வைக்கப் போனார். "அங்க வேணாங்க" என்று பதறிச் சொல்லிவிட்டேன்.

"என்னக்கா, வலது ஓரத்துல கறுப்பா ஒரு கோடு விழுகுதே, எப்படி இத்தனை நாளா ஓட்டுனீங்க?" என்றார். டிரம்மில் ஒரு கீறல். மூன்று வருஷமாக இருக்கிறது. எந்தத் தாளைப் போட்டாலும் மேலிருந்து கீழ் வரை மெல்லிசாக ஒரு கோடு விழும். ஆதார் காப்பியிலும் ஜாதகக் காப்பியிலும் கோடு விழுந்தால் நம்மூரில் யார் கேட்கப் போகிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். நீ பார்த்தாய் என்பது எனக்குத் தெரிவதற்கு நீ சாக வேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். நம்மூர் ஆட்கள் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். "அக்கா, இதுல ஐந்நூறு போட்டுக் குடுங்க, நாளைக்குச் சந்தைக்கு வேணும்." ஜெராக்ஸ் கடைக்காரி எதையும் படிக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். எத்தனை பேருடைய விவாகரத்துப் பேப்பரும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இந்தக் கண்ணாடி மேல் கவிழ்ந்து கிடந்திருக்கும். ஆனால் அன்று படித்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். "துலுக்கனிடம் வாங்காதே, சந்தைக்குள் விடாதே" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படித்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினேன். எழுதியவன் அவன், எனக்கென்ன வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்தால் பஸ் ஸ்டாண்டு, தண்ணி டேங்கு, ரேஷன் கடைச் சுவர் எங்கும் அதுதான். நைட்டி பாய் மணமேல்குடி பக்கத்திலிருந்து வழக்கம்போல மூட்டையோடு வந்து தார்ப்பாயை விரித்தார். சிக்கந்தர் என்று அவருக்கு ஒரு பெயர் இருப்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்று ஒருத்திகூடக் குனிந்து ஒரு துணியைத் தொடவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் யாரோ அவர் மூட்டையைச் சாக்கடையில் தள்ளிப் புரட்டியிருந்தார்கள். அத்தோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

அவரிடம் வாங்குகிற நைட்டியெல்லாம் ஓரம் அடிக்க உன் தையல் கடைக்குத்தான் வரும். அதனால்தான் நீ குதிக்கிறாய் என்று ஊரில் பேசினார்கள். நீ மறுக்கவே இல்லை. "ஆமா, எம் பொழப்புந்தான் போகுது. அந்த மனுசன் பொழப்பு போறப்ப நம்ம பொழப்பும் சேந்துதான் போகும்" என்றாய். சுவர் சுவராகத் தண்ணீர் தெளித்து அத்தனையையும் உரித்தாய். அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். "இதுல எழுதியிருக்கது யாரப் பத்தின்னு தெரியுதா? இந்தா, நீ போட்டிருக்கியே நைட்டி, அதை வித்த ஆளப் பத்தி" என்று வாசலில் நின்றே கேட்பாய். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் அதே தெருவுக்கு நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாய். நாலு பத்தாகி, பத்து முப்பதாயிற்று.

"சந்தை எல்லாருக்கும்" என்று நீயே எழுதிய பதில் நோட்டீஸோடு என் கடைக்கு வந்தாய். கீழே முப்பது பெண்களின் பெயர்.

"ஒம் பேரையும் போடட்டாடி?"

"பஸ் ஸ்டாண்டுல கடை வச்சிருக்கேன். நாளைக்குக் கல்ல விட்டு எறிஞ்சா யாரு பாக்குறது? என்னைய விட்டுரு தாயே."

நீ முகம் சுளிக்கவில்லை. "சரி, காப்பியவாச்சும் நல்லாப் போடு" என்றாய். முதல் தாள் வெளியே வந்தது. அதை ஒரு கையில் பிடித்தாய், மறு கையில் சுவரிலிருந்து உரித்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு உரித்ததை நீட்டி, "இதை யாருடி போட்டுக் குடுத்திருப்பாங்க?" என்று கேட்டாய். நான் நிமிரவில்லை. "புதுக்கோட்டையில எங்கிட்டாச்சும் போட்டிருப்பானுக."

"இருக்கும்" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் நீ வந்தாய். அதே ஸ்டூல், அதே முந்தானை. ஆறு பேராகப் பஸ் ஏறிப் போய் பாயைத் திரும்ப அழைத்த கதையை என்னிடம்தான் முதலில் சொன்னாய். "'ஏன் பாய், எங்கள நைட்டி இல்லாம அலைய விட்டுட்டீங்களே'ன்னு கேட்டேன்டி. அவரு சம்சாரம் சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுருச்சு." அந்தச் சனிக்கிழமை முப்பது பேரும் தார்ப்பாயைச் சுற்றி உட்கார்ந்து ஊருக்கே கேட்கப் பேரம் பேசினீர்கள். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். நீ அங்கிருந்து "வாடி" என்று கையை ஆட்டினாய். மெஷின் ஓடுகிறது என்று சைகை காட்டினேன். மெஷின் ஓடவில்லை.

சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை வாயைத் திறந்தேன். பொங்கல் போகட்டும், உன் மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். போன ஆடியில், தைத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலிக்கிறது என்று மெஷின் மேல் தலையைச் சாய்த்தாயாம். நான் ஓடி வந்தபோது உன் கால் கட்டைவிரல்களைக் கட்டியிருந்தார்கள்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். "எல்லாம் நோட்டீஸாக் கெடக்கு. நீங்களே வச்சுக்கங்க" என்றவர், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "அந்தச் சுவத்து நோட்டீஸப் பத்தி அவ போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுக்கயில, எங்க அடிச்சதுன்னு தெரியுமான்னு கேட்டாங்க. சத்தியமா தெரியாது சார்னுட்டா."

பையைக் கொட்டினேன். மேலே உன் பதில் நோட்டீஸ். அடியில் நீ சுவரில் உரித்தவை, பசை காய்ந்து மொடமொடவென்று. அவை அகலம் குறைந்து தெரிந்தன. ஒன்றை எடுத்து உன் நோட்டீஸ் மேல் வைத்துப் பார்த்தேன். உன் நோட்டீஸின் வலது ஓரத்தில் கோடு இருந்தது. மற்றதில் ஓரமே இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தாய். உன் வெட்டு எனக்குத் தெரியாதா. எத்தனை ரவிக்கை வெட்டிக் கொடுத்திருப்பாய் எனக்கு.

அடிப்பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பாய் இப்போதும் வாராவாரம் வருகிறார். "அந்த அக்காவோட கூட்டாளி" என்று எனக்கு டீ சொல்கிறார். கிளாஸை அப்படியே ஆற வைத்துவிடுகிறேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் ஸ்டூல் பக்கம் திரும்பப் பயமாக இருக்கிறது. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு "இருக்கும்" என்கிறாய். வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறாய்.

மெக்கானிக் புது டிரம்மை மாட்டி ஒரு தாள் ஓட்டினார். "பாருங்கக்கா, பளிச்சுன்னு இருக்கு." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. இனிமேல் இங்கிருந்து எது வெளியே போனாலும், நான் அடித்தது என்று ஒரு ஆளும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இரண்டு பேர் மறுபடியும் வந்தால் நான் என்ன செய்வேன்? எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லைடி.

"பழசையே மாட்டிருங்க" என்றேன்.

"என்னக்கா, வெளையாடுறீங்களா?"

"மாட்டிருங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டிவிட்டுப் போனார். நாளைக்குச் சந்தை. உன் நோட்டீஸ் ஒன்றையும் நீ ஓரம் வெட்டியதில் ஒன்றையும் எடுத்து மடித்து வைத்திருக்கிறேன். பாயிடம் இரண்டையும் விரித்து, வெட்டிய ஓரத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்டூலைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன், "நாளைக்குச் சொல்லிருவேன்டி."

"இருக்கும்" என்றாய்.