ஜோடிக்கு ஒரு பெயர்

டெல்லி
12.9.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

எழில்மதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இடஒதுக்கீட்டை எதிர்த்து இங்கே தினமும் ஊர்வலம். நேற்று பஸ் ஓடாததால் அலுவலகத்துக்கு நடந்தே போனேன். பயப்பட ஒன்றுமில்லை, செருப்புதான் அறுந்தது.

ஆனால் அப்பா, நேற்று அலுவலகக் கூட்டத்தில் நான் பேசிவிட்டேன்! பெண்கள் உரிமைக்கான ஐ.நா. ஒப்பந்தத்தோடு நம் சட்டங்கள் ஒத்துப்போகின்றனவா என்று எங்கள் வக்கீல்கள் பார்த்துவருகிறார்கள். "சம கூலிச் சட்டம்தான் இருக்கிறதே, திருத்த என்ன இருக்கிறது?" என்றார் ஒருவர். நான் எழுந்தேன். நம் பக்கம் கரும்பு வெட்டும் புருசன் பெண்சாதியை ஒரு ஜோடியாக வைத்து, புருசன் பெயரை மட்டும் எழுதி, அவர் கையிலேயே கூலி கொடுப்பதைச் சொன்னேன். "எம் பேரு எங்கங்க மேஸ்திரி?" என்று அம்மா கேட்டபோது, "உன் பேரு இன்னாத்துக்கு, பூமாலை? அதான் உன் வூட்டுக்காரன் பேரு இருக்குதே" என்று அவர் சிரித்ததையும் சொன்னேன். பெயரே இல்லாதவர் சம கூலியை எப்படிக் கேட்பார்?

உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா.

கூட்டத் தலைவி உடனே, "உன் அம்மாவின் வாக்குமூலம் இருந்தால் அறிக்கையில் சேர்த்துவிடலாம். மாதக் கடைசிக்குள் வருமா?" என்றார். வரும் என்று சொல்லிவிட்டேன்!

கல்வராயன் மலைப் புளி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே தமிழில் பேச ஆளில்லை, தம்பி இளவரசனை நீளமாக எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் வாக்குமூலத்தையும் அவனே எழுதட்டும். அம்மா சொல்லும்போது நீங்கள் நடுவில் பேசாதீர்கள். தபால் நேரம் ஆகிவிட்டது. வாக்குமூலத்தில் வழக்கம்போல அம்மாவுக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் அப்பா. அம்மாவே கைநாட்டு வைக்கட்டும்.

உங்கள் மகள்
எழில்மதி