தலை மாறிய சிலை

இஸ்தான்புல்லில் இருப்பவருக்கு,

தைப்பொங்கலுக்கு வாறன் எண்டு எழுதியிருந்தீங்கள். ரோமரின்ர சூரியனை ஆராயப் போனவருக்கு ஆறு வருஷத்துக்குப் பிறகு லண்டன் செவன் கிங்ஸ் வீடு ஞாபகம் வந்திருக்கு. சந்தோஷம்.

கொன்ஸ்தந்தீன் பேரரசன் சூரியதேவன்ர சிலையை உடைக்கேல்லை, தலையை எடுத்திட்டுத் தன்ர தலையை வைச்சவன் எண்டு வாய் ஓயாமல் சொல்லுவீங்கள். நானும் ஒண்டையும் உடைக்கேல்லை.

எங்கட கலியாணப் படத்தை ஈஸ்ட் ஹாம் ஸ்டூடியோவில குடுத்தன். உங்கட கழுத்துக்கு மேல உங்கட சிநேகிதர் கமலநாதன்ர முகத்தை வைச்சுத் தந்தவை. மாப்பிள்ளைத் தலைப்பாகை அவருக்கு நல்ல அளவு. போன பொங்கலுக்குச் சூரியனைக் கும்பிட்டு முதல் பிடி அரிசி போட்டதும் அவர்தான்.

வாறதெண்டால் வாங்கோ. படம் ஹோலிலதான் தொங்குது. மாட்டின அண்டைக்கே மகள் பார்த்திட்டு, “அப்பா வடிவா இருக்கிறார்” எண்டாள்.

இப்படிக்கு,
படத்தில் முகம் மாறாதவள்