சிவப்புப் பக்கம்

அன்புள்ள நுஹாத் அக்காவுக்கு, லுபானா எழுதுவது.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாம்தான், ஆனால் உங்கள் தம்பி கஸ்வான் அடுத்த அறையில் படுத்திருக்கிறார், அவர் காதில் விழக் கூடாது. ஜெர்மனியில் குளிர் குறைந்ததா? உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று வெள்ளிக்கிழமை, ஷஹத்தையும் கூட்டிக்கொண்டு மூவரும் தத்முருக்கு, அந்தப் பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போயிருந்தோம். சண்டை ஓய்ந்து சாலை திறந்ததிலிருந்து, "ஹோம்ஸ்ல பொறந்த நம்ம பொண்ணு அந்தத் தூணையெல்லாம் பாக்காம வளரலாமா?" என்று கஸ்வான் நச்சரித்துக்கொண்டே இருந்தார். சாத்தர் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். இடிபாடுகளின் வாசலில் தேநீர் விற்கிறவன், எங்கள் ஊரைக் கேட்டதுமே, "ஹோம்ஸ்காரங்க கிறுக்காகிற நாள் புதன்கிழமையாச்சே, வெள்ளிக்கிழமையே கிளம்பிட்டீங்களா?" என்று கேலி செய்தான். கஸ்வான் விடுவாரா? "எங்களுக்கு வாரம் பூரா புதன்கிழமைதான்பா, சர்க்கரையைக் கூடப் போடு" என்றார். சிரித்தோம். ஷஹத் மட்டும் விழுந்துகிடந்த தூண்களைப் பார்த்து, "இதையெல்லாம் யாரும்மா தள்ளிவிட்டாங்க?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக் காருக்கு நடந்தேன்.

அதோடு திரும்பியிருக்கலாம் அக்கா.

போன வாரம் இடியோடு மழை கொட்டியதா, இடி இடித்தால் மண்ணுக்கடியில் கமாக் காளான் பருத்து, மேலே வெடிப்பு விடும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? திரும்பும் வழியில் ஷஹத்துதான் ஜன்னல் வழியாகக் காட்டினாள்: "அப்பா, மண்ணு வெடிச்சிருக்கு!" உடனே காரை ஓரம் கட்டிவிட்டு, பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் தடுத்தேன். "ஒரு வறுவலுக்கு ஆகட்டும், மகாராணி கொஞ்சம் பொறுக்கணும்" என்றார். நான் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஷஹத்தும் இறங்கி அவர் பின்னால் ஓடிவிட்டாள்.

திரும்பி ஓடி வந்தவள் கையில் ஒரு கல். "பாரும்மா, அழகாயிருக்குல்ல?" ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட், மறு பக்கம் சிவப்பு.

கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வைக்கிற கல் அது. வெள்ளை பார்க்கும் பக்கம் நடக்கலாம், சிவப்பு பார்க்கும் பக்கம் கால் வைக்கக் கூடாது. கல் என் குழந்தையின் கையில் இருந்தது. அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று இனி யார் சொல்ல முடியும்? எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். "அங்க" என்று வெட்டவெளி முழுவதையும் கையால் காட்டினாள்.

கஸ்வான் உள்ளே குத்துக்காலிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு கமாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். நான் கல்லைத் தூக்கிக் காட்டினேன். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. "வந்த தடத்துலயே வாங்க, வேற எங்கயும் மிதிக்காதீங்க" என்று கத்தினேன். நல்லவேளை, மண் ஈரமாக இருந்தது. தான் பதித்த தடத்தைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். அவர் தடங்களை ஒட்டியே ஷஹத்தின் தடங்களும் இருந்தன, அக்கா. சில இடங்களில் விலகி, வட்டமடித்து, குதித்து விளையாடியிருக்கிறாள்.

வழியில் சோதனைச்சாவடியில் இடத்தைச் சொன்னேன், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். கல்லைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஊர் வரும்வரை உங்கள் தம்பி காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவே இல்லை. அதோடு பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இன்று மதியம் கமாவை நெய்யில் வறுத்துச் சாப்பிட்டதும் பழைய ஆளாகிவிட்டார். "ஒண்ணும் ஆகலையே! அந்தக் கல்லு எந்தக் காலத்துதோ" என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை நண்பர்களோடு மறுபடியும் போகிறாராம். ஷஹத்தையும் கூட்டிப்போகிறாராம். "வெடிப்பு அவ கண்ணுக்குத்தான் தெரியுது" என்று அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அவளும் சிரிக்கிறாள்.

நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்கிறார். படித்தவள் எல்லாவற்றுக்கும் பயப்படுவாளாம். அத்தை போன பிறகு அவரை வளர்த்தது நீங்கள். உங்கள் பேச்சை மட்டும் அவர் தட்டியதில்லை.

சாயங்காலம் ஷஹத் என் நகச்சாயத்தை எடுத்து முற்றத்துக் கற்களுக்கெல்லாம் ஒரு பக்கம் மட்டும் சிவப்புப் பூசியிருக்கிறாள். அவற்றைத் தன் கட்டிலைச் சுற்றி அடுக்கிவைத்துக்கொண்டு தூங்குகிறாள். சிவப்புப் பக்கம் அவளைப் பார்த்து இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இறைவன் உங்களையும் குழந்தைகளையும் காக்கட்டும். வியாழக்கிழமைக்குள் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பேசுவீர்கள் என்று எனக்கு ஒரு வரி பதில் போடுங்கள், அக்கா. சீக்கிரம் போடுங்கள்.

உங்கள்
லுபானா