சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரம்

இன்னைக்குக் காலையில பக்கத்து வீட்டு செல்லம்மா போனைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா அண்ணே. அவ மகன் சிங்கப்பூர்லேருந்து டிக்கெட்டு அனுப்பிருக்கான். "பாருங்கக்கா, அங்க ஒம்போதுக்கு ஏறுறான், திருச்சியில பத்தரைக்கு எறங்குறான். ஒன்றரை மணி நேரந்தான்!"ங்குறா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஒடனே கண்ணும் கலங்கிருச்சு. நீ போட்ட அதே கணக்கு.

எனக்கு எழுத வராதுன்னு ஒனக்குத் தெரியும். இப்பல்லாம் போன்ல பேசுனா அதுவே எழுதிக்கிது. அதான் பேசுறேன்.

ஒம்மக ரேவதிக்கு அங்க நர்சு வேலை கெடச்சப்ப, "தாயில்லாப் புள்ள, அம்புட்டுத் தூரம் அனுப்ப மாட்டேன்"னு ஒத்தக்கால்ல நின்ன. கடலை பறிப்பு நடந்துக்கிட்டிருந்த நேரம். அந்த வருசம் நல்ல காய்ப்பு, செடியப் புடுங்குனா கொத்துக் கொத்தா வரும். மயிலு வேற ஒரு பக்கம் தின்னு தீத்துச்சு. சரி, எங்கிட்டோ போயிட்டேன். ஆலங்குடி டீக்கடையில, சிங்கப்பூர்லேருந்து வந்த ஒரு ஆளு தன் டிக்கெட்ட ஒனக்குக் காட்டிருக்காரு. நீ நேரா எங்க வீட்டுக்கு வந்த.

"ஏத்தா, ஒன்றரை மணி நேரந்தானாம்! நான் பஸ்சு மாறி பொன்னமராவதி போறதுக்குள்ள அவ வந்துருவா. மெட்ராசுதான் தூரம்!"

ரேவதி எம்பக்கத்துல உக்காந்து கடலை ஆஞ்சுக்கிட்டிருந்தா. அங்க கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடுது, நெசமாப் பறக்குறது நாலு மணி நேரம்னு முந்துன நாளுதான் எங்கிட்டச் சொல்லிருந்தா. என் தொடையக் கிள்ளுனா. நான் வாயத் தொறக்கல. நீ சரின்னுட்ட.

போயி எறங்குன அன்னைக்கே குட்டு ஒடஞ்சுபோச்சு. பதினொன்றரைக்கு ஏறுனவ, "ஆறு மணிக்கு வந்து சேந்தேம்ப்பா"ன்னு போன் போட்டா. நீ வெரலு விட்டு எண்ணிக்கிட்டே வந்த.

"போறப்ப மட்டும் ஏன் ஆறரை மணி நேரம்? எதுத்த காத்தா?"

சொல்லிட்டேன்.

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"சொல்லிருந்தா விட்டுருக்க மாட்டேன்."

"அதாண்ணே சொல்லல."

ஒரு மாசம் எங்க வாசப்படி மிதிக்கல. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில எனக்கு எதுக்க உக்காந்தும் எலையப் பாத்தே சாப்புட்டு எந்திரிச்ச. அப்புறம் ஒரு நா வந்து, "அவளுக்கு வார்டுல நல்ல பேராம்"னு செவுத்தப் பாத்துச் சொல்லிட்டு, காப்பி கேட்ட. சீனி தூக்கலாப் போட்டுக் குடுத்தேன்.

நீ நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்த அன்னைக்கு அவளுக்கு சீட்டு கெடைக்கல. ஒன்ன ஐஸ் பெட்டியில வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தோம். மறுநா சாயந்தரந்தான் வந்தா. எங்கழுத்தக் கட்டிக்கிட்டு, "அத்தை, அப்பவே நெசத்தச் சொல்லிருக்கலாமோ"ன்னு கேட்டா. "இல்லத்தா"ன்னேன். "சொல்லிருந்தா நீ இங்கதான் நின்னுருப்ப."

ஒங்கிட்ட நாலு மணி நேரத்த மறச்சேன், அது கடைசியில ஒன்றரை நாளா நின்னுச்சு. அத நாந்தான் சொமக்கிறேன், எறக்கி வைக்கவும் நெனைக்கல. ஆனா அண்ணே, நீ மறுபடி வந்து அதே கணக்கச் சொன்னாலும் வாயத் தொறக்க மாட்டேன்.