கணவாய் மக்கள் எழுதிய ‘அறியேன்’ குறித்து

மழை பிழையாத நீர்மலி நாட்டின் மதிலும் மடையும் கல்விச்சாலைகளும் தழைக்க. அந்நாட்டுப் பேரமைச்சர் எயினன் கீரனார் திருமுன்பு, குன்றவாண நாட்டின் எல்லைக் காவலர், ஏழு தலைமுறையாகக் கணவாய் காக்கும் குடியின் மூத்தவர், வயிரமாறனார் விடுத்த ஓலை.

தங்கள் அரசு சென்ற தைத்திங்களில் மாற்றிய விதிகள் காவலரிடம் வந்து சேர்ந்தன. தொழிலாளர் நுழைவோலைக்கு ஒரு பொன்னாக இருந்த கட்டணம் ஆறு பொன்னாயிற்று. மாணவர்க்கு மூன்றாண்டு செல்லுபடியான ஓலை இனி ஓராண்டோடு முடியும். தம் வாயிலுக்கு விலை வைப்பது தங்கள் உரிமை என்று காவலர் இவற்றைப் பொறுத்தார். நுழைவோலையோடு புதிதாக வந்த பதினான்கு கேள்விகளை எழுத்தர் படிக்கக் கேட்டதும், அவ்வோலையை வாங்கித் தாமே மறுமுறை படித்தார். பெயர், தந்தை பெயர், தொழில் இவற்றின் நடுவே, வந்த வழியில் கிணறு எத்தனை என்றொரு கேள்வி இருந்தது. கல் செதுக்க வருபவனிடமும் வைத்தியம் படிக்க வருபவளிடமும் கிணற்றுக் கணக்கு எதற்கு? படை நடத்த எண்ணுபவனுக்கல்லவா அது வேண்டும்? மற்றக் கேள்விகளில் என்ன வலை இருக்கிறதோ என்று ஐயுற்று, எல்லை கடப்போர் பதினான்குக்கும் அறியேன் என்றே எழுதவேண்டுமென ஆணையிட்டார்.

காவலர் சொல்லைத் தட்டும் வழக்கம் இம்மலையில் இல்லை. தங்கள் ஏரிக்கு மதகு கட்டப் புறப்பட்ட கல்தச்சர் முப்பது பேரும் அவ்வாறே எழுதினர். தன் தொழிலையே அறியாதவனுக்கு ஏரிக்கரையில் என்ன வேலை என்று கேட்டு, தங்கள் வாயில் அதிகாரி பெருந்திருவனார் அவர்களைத் திருப்பி அனுப்பினார். தச்சர் தலைவர் ஓதையார் வந்து, நாற்பதாண்டு உளி பிடித்தும் தாம் ஒன்றும் அறியாதவர் என்பதை இப்போதுதான் அறிந்ததாகக் காவலரிடமே சொன்னார். அருகிலிருந்தோர் சிரித்தனர். காவலர் சிரிக்கவில்லை.

அடுத்து வந்ததே அவரைச் சுட்டது. தங்கள் மருத்துவச்சாலையில் இடம்பெற்ற அவர் பேத்தி வெண்ணியும், தந்தை பெயர் என்ற இடத்தில் அறியேன் என்று எழுதினாள். தந்தை இன்னாரென அறியாதவள் என்று அதிகாரி பதிவேட்டில் ஏற்றி, அவளையும் திருப்பினார். அவ்வாயிலிலிருந்து பத்தடியில் ஒரு நடுகல் நிற்கிறது. தங்கள் நாட்டைச் சூறையாட வந்தோரைத் தடுத்து அங்கேயே வீழ்ந்த, வயிரமாறன் மகன் சேந்தனுக்குத் தங்கள் அரசர் நாட்டிய கல் அது. சேந்தனின் மகளே வெண்ணி. ஏன் அப்படி எழுதினாய் என்று காவலர் கேட்டதற்கு, பதினான்குக்கும் என்பதுதானே தாத்தாவின் ஆணை என்றாள்.

பங்குனி முழுநிலவன்று மருத்துவச்சாலை புதிய மாணவர்க்குக் கதவடைக்கும். இன்னும் ஒன்பது நாளே உள்ளது. எந்த வாயிலிலும் காவல் முத்திரை மோதிரத்தைக் காட்டிக் கடந்ததன்றி, நின்று பெயர் சொல்லி அறியாதது இக்குடி. ஆயினும் இவ்வோலை சேர்ந்த மூன்றாம் நாள் காவலர் பேத்தியோடு வந்து, அதிகாரி முன் நின்று, தம் மகன் பெயரைத் தம் வாயாலேயே சொல்வார். அவர் கண்முன் பதிவேட்டின் அந்த வரி அழிக்கப்படுக. வெண்ணி உள்ளே விடப்படுக. பிழை ஆணையிட்டவருடையது, எழுதியவளுடையதன்று.

மோதிரம் பதித்து, பழைய ஆணையை நீக்கி, காவலர் தம் மக்களுக்கு இட்ட புதிய ஆணையின் படியும் இத்துடன் வருகிறது: பெயரும் தந்தையும் தொழிலும் உள்ளவாறு எழுதுக. கிணறு எத்தனை என்ற இடத்தில் மட்டும், கல்தச்சர் முதல் காவலர் வரை, அறியேன்.